ஆறு மாத ப்ராஜெக்ட், புது வேலை: புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களை டீமுக்குப் பழக்கிவிடும் பொறுப்பு ஏழெட்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. கேன்டீனிலும், ஷிஃப்ட் கேபிலும், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பிலும் ஒரே கவலைதான் வேறு வேறு குரலில் வருகிறது: சின்ன ப்ராஜெக்ட்டில் போட்டுவிட்டார்கள், வேலை நிற்குமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் விஷயம் வழக்கு வரை போகும் போலிருந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

ஆறு மாச ப்ராஜெக்ட்ல போட்டிருக்காங்க. ஆறு மாசம் முடிஞ்சா வேலையும் போயிடுமா?

பெரும்பாலும் போகாது. இதில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் கம்பெனியும் கிளையண்ட்டும் (வேலை கொடுக்கும் வாடிக்கையாளர் நிறுவனம்) போட்டுக்கொண்டது. இத்தனை பேர், இத்தனை மாதம், இவ்வளவு பணம் என்று அதில் இருக்கும். இன்னொன்று, கம்பெனி உங்களுக்குக் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் லெட்டர். "ஆறு மாதம்" என்பது முதல் காகிதத்தில் இருப்பது. அதில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது இரண்டாவது காகிதம்.

ப்ராஜெக்ட் முடிந்தால் நீங்கள் அந்த ப்ராஜெக்ட்டிலிருந்து ரிலீஸ் ஆவீர்கள், கம்பெனியிலிருந்து அல்ல. இரண்டும் ஒன்றாகிவிடுகிற சந்தர்ப்பங்களும் உண்டு. உங்கள் லெட்டரிலேயே முடிவு தேதி இருக்கலாம், அல்லது "இந்த ப்ராஜெக்ட்டுக்காக மட்டும்" என்று எழுதியிருக்கலாம். அதனால் இந்தக் கேள்விக்கான உண்மையான பதில் உங்கள் லெட்டரில்தான் இருக்கிறது.

நான் பர்மனென்ட்டா கான்ட்ராக்டான்னு எனக்கே தெரியலையே, எங்க பாக்கறது?

முதலில் லெட்டரின் மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தினமும் போகிற அலுவலகத்தின் பெயரா, ஆள் அனுப்பும் வேறொரு நிறுவனத்தின் பெயரா? பிறகு முடிவு தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். ப்ரொபேஷன் (சோதனைக் காலம்) எத்தனை மாதம், நோட்டீஸ் எத்தனை நாள் என்பதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பலர் ஆஃபர் லெட்டரில் சம்பளப் பக்கத்தை மட்டும்தான் படித்திருக்கிறார்கள்.

அடுத்து பேஸ்லிப். பிஎஃப் பிடித்திருந்தால் கம்பெனி உங்களை ஊழியராகக் கணக்கில் வைத்திருக்கிறது. பேஸ்லிப்பே இல்லாமல், "புரொஃபஷனல் ஃபீஸ்" என்று வந்து, அதில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் கவனமாக இருங்கள். காகிதத்தில் நீங்கள் ஊழியரே இல்லை, ஆலோசகர். பிஎஃப், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை), லீவ் எதுவும் அதில் வராது. தினமும் ஒன்பது மணிக்கு ஐடி கார்டு தட்டி உள்ளே போகிற ஒருவரை இப்படி வைத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு உள்ளே இருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

லெட்டர்லயே மார்ச் 31னு முடிவு தேதி போட்டிருக்கு. அப்போ எனக்கு உரிமைன்னு எதுவுமே இல்லையா?

இருக்கிறது. இதற்கு நிலையான கால வேலை என்று பெயர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அதே வேலையை அல்லது அதுபோன்ற வேலையைச் செய்யும் நிரந்தர ஊழியருக்கு உள்ள வேலை நேரம், சம்பளம், படிகள் உங்களுக்கும் குறையக் கூடாது. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கும் கிராஜுவிட்டி, உங்களுக்கு ஒரு வருடம் முடித்தாலே உண்டு.

கிடைக்காதது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறித்த தேதியில் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போவது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. அதனால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. கம்பெனி புதுப்பிக்கவில்லை என்றால் அவ்வளவுதான். முடிவு தேதிக்கு எட்டு வாரம் முன்பே "புதுப்பிப்பீர்களா?" என்று மெயிலில் கேட்டுவிடுங்கள். கடைசி வாரம் வரை காத்திருந்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

தேர்ட் பார்ட்டி பேரோல்ல எடுத்திருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு உள்ள எடுத்துக்குவோம்னாங்க. எடுப்பாங்களா?

எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒன்றரை வருடம் இழுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். "உள்ளே எடுப்போம்" என்பது லெட்டரில் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் "பரிசீலிக்கப்படலாம்" என்றுதான் இருக்கும். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன் அதே டீமில் இப்படி வந்தவர்கள் எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை மாதத்தில் போனார்கள் என்று விசாரியுங்கள். ஹெச்ஆர் சொல்வதைவிட அந்தக் கணக்கு நம்பகமானது.

உங்கள் முதலாளி பேரோல் நிறுவனம்தான், அதாவது உங்களை ஆளாக அனுப்பிச் சம்பளம் போடும் நிறுவனம். கிளையண்ட் இடத்தில் வேலை முடிந்ததும் வேறு இடம் தேடித் தருவார்களா, அதுவரை சம்பளம் உண்டா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பல பேரோல் நிறுவனங்களில் பெஞ்ச் சம்பளம், அதாவது ப்ராஜெக்ட் இல்லாத நாட்களுக்கான சம்பளம் கிடையாது. ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: பேரோல் நிறுவனம் சம்பளம் தராமல் போனால், உங்களை வேலை வாங்கும் முதன்மை நிறுவனத்துக்கும் அதைக் கொடுக்கும் பொறுப்பு சட்டத்தில் இருக்கிறது.

பெஞ்ச்னா என்ன? சம்பளம் வருமா?

ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை உள்ள இடைவெளிதான் பெஞ்ச். கம்பெனியின் நேரடி ஊழியர் என்றால் சம்பளம் வரும். வேரியபிள் பே (சம்பளத்தில் மாறக்கூடிய பகுதி) மட்டும் குறையலாம், சில இடங்களில் ஷிஃப்ட் அலவன்ஸும் நிற்கும். நீங்கள் அந்த நாட்களிலும் ஊழியர்தான். லீவ், பிஎஃப், இன்ஷூரன்ஸ் எல்லாம் தொடரும்.

2011-இல் என் முதல் ப்ராஜெக்ட் எட்டு மாதம் என்று சொல்லி நாலாவது மாதமே மூடினார்கள். 52 நாள் பெஞ்ச். வேளச்சேரியில் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் அவர்கள் கிளம்பும்போது நானும் கிளம்பி, யாருமே வேலை சொல்லாத ஒரு தளத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். அம்மா போன் செய்தால் வேலை நிறைய இருக்கிறது என்று சொல்வேன். அந்தப் பொய்தான் பெஞ்ச்சைவிட அதிகம் வலித்தது. வீட்டில் சொல்லிவிடுங்கள். "ஒரு வேலை முடிந்தது, அடுத்த வேலை வரும், சம்பளம் வருகிறது" என்று மூன்று வரியில் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

பெஞ்ச்ல எவ்வளவு நாள் விட்டு வைப்பாங்க?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முன்பைவிட இப்போது இறுக்கமாக இருக்கிறது. 2025 ஜூனில் டிசிஎஸ் கொண்டுவந்த விதிப்படி ஒரு ஊழியர் வருடத்தில் 225 நாள் பில்லிங்கில், அதாவது கிளையண்ட் பணம் கொடுக்கும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. உங்கள் கம்பெனியின் விதி ஹெச்ஆர் போர்ட்டலில் இருக்கும். தேடிப் படித்து, உங்கள் பெஞ்ச் நாட்களை நீங்களே எண்ணிக்கொண்டு வாருங்கள்.

அந்த நாட்களில் என்ன செய்கிறீர்கள் என்பது முக்கியம். ஆள் ஒதுக்கும் டீமுக்கு வாரம் ஒரு மெயில் போடுங்கள். என்ன கற்றீர்கள், எந்த இன்டர்வியூவுக்குப் போனீர்கள், முடிவு என்ன ஆனது என்று இரண்டு வரி போதும். பின்னால் "இவர் முயற்சியே செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் அந்த மெயில்கள் உங்களுக்காகப் பேசும்.

ப்ரொபேஷன்ல இருக்கும்போதே ப்ராஜெக்ட் முடியுது. இது டேஞ்சர் தானே?

ஆமாம், இருப்பதிலேயே மெல்லிய இடம் இதுதான். ப்ரொபேஷனில் நோட்டீஸ் குறைவு, சில லெட்டர்களில் பதினைந்து நாள்தான். உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டிய மேனேஜரும் ப்ராஜெக்ட் முடிந்ததும் வேறு கிளையண்ட் வேலைக்குப் போய்விடுவார். அவர் போவதற்கு முன்பே உங்கள் வேலையைப் பற்றி மெயிலிலோ சிஸ்டத்திலோ ஃபீட்பேக் எழுதி வாங்கிவிடுங்கள். கிளையண்ட் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தால் அதன் தேதியைக் குறித்து வைத்து, கன்ஃபர்மேஷன் (வேலையை உறுதிசெய்யும்) பேச்சில் சொல்லுங்கள். ஆனால் கிளையண்ட் மெயிலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும்.

தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஆறு மாதம் என்பது ஒரு முக்கியமான எல்லை. 1947-ஆம் வருட தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது என்கிறது. சேர்ந்த தேதியை எங்காவது பெரிதாக எழுதி வையுங்கள்.

என்னை ஷேடோனு போட்டிருக்காங்க, பில்லபிள் இல்லையாம். முதல்ல என்னைத்தானே தூக்குவாங்க?

ப்ராஜெக்ட்டில் ஆள் குறைத்தால் பில்லிங் இல்லாதவர்தான் முதலில் வெளியே வருவார், உண்மை. ஆனால் அது பெஞ்ச்சுக்குப் போவது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில மாதம் ஷேடோவாக, அதாவது இன்னொருவரோடு இருந்து கற்றுக்கொள்பவராக வைப்பது சர்வீஸ் கம்பெனிகளில் வழக்கம்தான். "எப்போது பில்லிங்குக்கு வருவேன்?" என்று மூன்றாவது மாதத்திலேயே கேளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் கண்டிப்பா வரும்னு மேனேஜர் சொல்றார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை என்றாலும், முடிவு அவர் கையில் இல்லை. கிளையண்ட் பக்கம் பட்ஜெட் கையெழுத்தாக வேண்டும். அதுவரை அவருக்கும் அது நம்பிக்கைதான்.

வார்த்தையைவிட நடப்பதைப் பாருங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான வேலைப் பட்டியலில் புதிதாக ஏதாவது சேர்கிறதா? உங்கள் கிளையண்ட் லாகின் முடிவு தேதியை நீட்டியிருக்கிறார்களா? டீமுக்குப் புது ஆள் எடுக்கிறார்களா? இதெல்லாம் நடந்தால் எக்ஸ்டென்ஷன் வரும் வாய்ப்பு அதிகம். திடீரென்று எல்லாவற்றுக்கும் டாக்குமென்ட் எழுதச் சொல்வது, கிளையண்ட் ஆட்களுக்கு கேடி கொடுக்கச் சொல்வது (உங்களுக்குத் தெரிந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது), சீனியர்கள் ஒவ்வொருவராக வேறு ப்ராஜெக்ட்டுக்கு நகர்வது, வாராந்திர மீட்டிங்குக்குக் கிளையண்ட் மேனேஜர் வராமல் போவது எல்லாம் மூடப்போகும் அறிகுறிகள். ஒன்று மட்டும் நடந்தால் பயப்பட வேண்டாம். மூன்று சேர்ந்து நடந்தால் அடுத்த ப்ராஜெக்ட்டை அன்றே தேட ஆரம்பியுங்கள்.

கேட்டா பயந்தவன்னு நினைச்சுப்பாங்களே?

"வேலை போயிடுமா சார்?" என்று கேட்டால் அப்படித் தோன்றலாம். "ப்ராஜெக்ட் செப்டம்பரில் முடிகிறது, அதற்குப் பிறகு என்னை எங்கே போடலாம் என்று நினைக்கிறீர்கள்? அதற்கு ஏற்ற மாதிரி இப்போதே படித்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் இப்படி வந்து கேட்டவர்களை நான் மறந்ததில்லை. ஒரு இடம் காலியானால் முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் பெயர்தான்.

அடுத்த ப்ராஜெக்ட் புனேயாம், அதுவும் மெயின்ஃப்ரேம். வேண்டாம்னு சொல்லலாமா?

முதல் முறை காரணத்தோடு சொல்லலாம். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருந்தால், ஊர் மாற முடியாத நிலை இருந்தால் எழுதிக் கொடுங்கள். ஆனால் கிட்டத்தட்ட எல்லா அப்பாயின்ட்மென்ட் லெட்டரிலும் "எந்த ஊருக்கும், எந்த ஷிஃப்டுக்கும், எந்தத் தொழில்நுட்பத்துக்கும் மாற்றலாம்" என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

புதியவர்கள் வேலையை இழந்ததை நான் பார்த்த சந்தர்ப்பங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் நடந்தது. ப்ராஜெக்ட் முடிந்ததால் அல்ல, பெஞ்ச்சில் வந்த இரண்டு மூன்று வாய்ப்புகளை மறுத்ததால். ஜாவா கேட்டேன், டெஸ்டிங் கொடுத்தார்கள் என்று 53-ஆம் நாள் நானும் முகம் சுருங்கித்தான் போனேன். அந்த டெஸ்டிங் ப்ராஜெக்ட் மூன்று வருடம் ஓடியது.

இப்பவே வெளிய வேலை தேடலாமா? துரோகம் மாதிரி இருக்கு.

தேடலாம். இன்டர்வியூவுக்குப் போவது துரோகம் இல்லை. பெரிய கம்பெனிகளில் கன்ஃபர்ம் ஆன பிறகு நோட்டீஸ் 90 நாள் வரை போகும். புதிய கம்பெனிகள் 30 நாளில் வரச் சொல்லும். ப்ரொபேஷனில் நோட்டீஸ் குறைவாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். கையில் எழுத்தில் ஆஃபர் வராமல் மட்டும் பேப்பர் போடாதீர்கள், அதாவது ராஜினாமா செய்யாதீர்கள். மெயிலில் வந்த ஆஃபரும் சில சமயம் தள்ளிப்போகிறது, அதனால் கையிருப்பு இல்லாமல் குதிக்க வேண்டாம்.

ஆறு மாசத்துல மாறினா ரெஸ்யூம்ல அசிங்கமா இருக்காதா?

ஒரு தடவை என்றால் இல்லை. "ப்ராஜெக்ட் முடிந்தது" என்று அப்படியே சொல்லுங்கள். ரெஸ்யூமில் அந்த ஆறு மாதத்தை மறைக்காதீர்கள். பிஎஃப் கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெரியும், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். ஆறு மாத அனுபவத்தால் யாரும் வேலை இழக்கவில்லை, மறைத்ததால் இழந்தவர்கள் உண்டு.

பாண்ட் போட்டிருக்கேன், ரெண்டு வருஷம். அவங்களே அனுப்பினாலும் நான் பணம் கட்டணுமா?

பாண்ட் என்பது இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பது. அதன் வாசகத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் "ஊழியர் தானாக விலகினால்" என்றுதான் இருக்கும். கம்பெனியே நிறுத்தினால் அது பொருந்தாது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மட்டும் கதை மாறிவிடும். அதனால்தான் கீழே "பேப்பர் போடு" என்ற கேள்விக்கான பதிலைக் கண்டிப்பாகப் படியுங்கள்.

பாண்ட் என்றாலே செல்லாது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே சமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதி வைத்த தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. கொடுக்காதீர்கள். காட்டி, நகல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெச்ஆர் கூப்பிட்டு "நீயே பேப்பர் போட்டுடு, உனக்குத்தான் நல்லது"ங்கறாங்க. போடலாமா?

அன்றைக்கே போடாதீர்கள். எனக்கு வரும் எல்லாக் கேள்வியிலும் மனசை அதிகம் கலைப்பது இதுதான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை ஒரு சின்ன மீட்டிங் ரூமில் இரண்டு மூன்று பேர் எதிரே உட்கார வைத்து, போனை வெளியே வைக்கச் சொல்லி, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி "சப்மிட் அழுத்து" என்கிறார்கள். அந்த அறையில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "எனக்கு யோசிக்க நேரம் வேண்டும், நீங்கள் சொல்வதை மெயிலில் அனுப்புங்கள்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். கோபப்படவோ வாதாடவோ வேண்டாம். கூட்டம் முடிந்ததும், என்ன பேசினார்கள், யார் இருந்தார்கள், எத்தனை மணி என்பதை நீங்களே ஹெச்ஆருக்கு மெயிலாக எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ராஜினாமா எழுதியதும் நீங்களாக விட்டுப் போனதாகத்தான் காகிதம் சொல்லும். மேலே சொன்ன 41-ஆம் பிரிவு, ஆட்குறைப்பு இழப்பீடு, பாண்டிலிருந்து விடுதலை எல்லாமே "கம்பெனி நீக்கியது" என்பதில்தான் தொங்குகின்றன. பிறகு, மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

யோசித்த பிறகும் ராஜினாமாதான் நல்லது என்று தோன்றலாம். அது தவறில்லை, சில சமயம் அதுவே நிம்மதி. அப்படியானால் சும்மா கொடுக்காதீர்கள். முழு நோட்டீஸ் காலச் சம்பளம், அதற்கு மேல் ஒன்றிரண்டு மாதச் சம்பளம், பாண்ட் ரத்து என்ற கடிதம், ரிலீவிங் லெட்டர் தேதி இவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

போடலைன்னா டெர்மினேட் பண்ணிடுவோம், எங்கயும் வேலை கிடைக்காதுன்னு மிரட்டறாங்களே?

இந்த மிரட்டலில்தான் எல்லோரும் விழுகிறார்கள். ப்ராஜெக்ட் இல்லாததால் நிறுத்துவதும், திருட்டு, போலிச் சான்றிதழ் போன்ற ஒழுங்கீனத்துக்காக நீக்குவதும் வேறு வேறு. முதல் வகை வெரிஃபிகேஷனில் தெரிந்தாலும் அடுத்த கம்பெனிக்கு விளக்கிச் சொல்ல முடிகிற காரணம்தான். இப்படி நிறுத்தப்பட்டு, நேராகச் சொல்லி, அடுத்த இடத்தில் சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள்.

ஐடி ஆளுங்களுக்கு லேபர் லாவே கிடையாதுன்னு சொல்றாங்களே?

அது தவறு. ஐடி ஊழியர்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அவர்களும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசே 2016-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. உங்கள் பதவியின் பெயர் அல்ல, நீங்கள் உண்மையில் செய்யும் வேலைதான் கணக்கு. கோட் எழுதுகிறவர், டெஸ்ட் செய்கிறவர், சப்போர்ட் டிக்கெட் பார்க்கிறவர் "அனலிஸ்ட்" என்று பெயர் வைத்திருப்பதால் மட்டும் மேலாளர் ஆகிவிட மாட்டார்.

புதியவர்களுக்கு ஒரு கசப்பான உண்மையும் உண்டு. ஆட்குறைப்பு இழப்பீடு, அதாவது முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், ஒரு வருடத் தொடர் வேலை இருந்தால்தான் வரும். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருடமாகக் கணக்காகும். அதேபோல, ஆள் குறைக்க அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றுக்குத்தான். ஐடி அலுவலகத்துக்கு இல்லை.

கால அவகாசம் மிக முக்கியம். 41-ஆம் பிரிவின் கீழ் தொழிலாளர் துறையிடம் மேல்முறையீடு செய்ய, நீக்க உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான். ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று நினைத்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

கர்ப்பமா இருக்கேன், ப்ராஜெக்ட் ஏப்ரல்ல முடியுது. சொன்னா எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு.

மறைக்காதீர்கள், எழுத்தில் சொல்லுங்கள். சொன்ன மெயில்தான் உங்களுக்குக் காவல். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். ப்ராஜெக்ட் முடிந்தது என்பது அதற்குக் காரணம் ஆகாது.

நிலையான காலத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. ஒப்பந்தம் இடையில் முடிந்தாலும் பேறுகாலப் பலனை அதோடு வெட்டிவிட முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்த ஒரு பெண் மருத்துவரின் வழக்கு அது.

தினமும் லேஆஃப் நியூஸ் வருது. புதுசா வந்தவங்களைத்தானே முதல்ல அனுப்புவாங்க?

எப்போதும் அப்படி இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 2 சதவீதம் பேரை அனுப்பப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றே சொன்னார்கள். சம்பளம் குறைவாக இருப்பது புதியவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு. ஆனால் சின்ன கம்பெனியில், ஒரே கிளையண்ட்டை நம்பி நடக்கிற இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே அந்த ஒரு ப்ராஜெக்ட் போனால் கம்பெனியே ஆடும். உங்கள் கம்பெனிக்கு எத்தனை கிளையண்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பைக் இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்பற பணம் எல்லாம் இருக்கு. எவ்வளவு கையில வெச்சுக்கணும்?

மூன்று மாதச் செலவு. ஆறு மாதம் என்று எல்லோரும் சொல்வார்கள், முதல் வருடச் சம்பளத்தில் அது நடக்காது. ப்ராஜெக்ட் முடியும் தேதி தெரியாத வரை புது இஎம்ஐ எடுக்காதீர்கள். வீட்டு அட்வான்ஸும் யோசிக்க வேண்டியது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகை என்றுதான் இருக்கிறது. பேசிப் பாருங்கள்.

எல்லோரும் மறக்கிற ஒன்று இன்ஷூரன்ஸ். அப்பா அம்மாவை கம்பெனி மெடிக்ளெய்மில் சேர்த்திருப்பீர்கள். வேலையின் கடைசி நாளோடு அது நிற்கும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

அஞ்சாறு மாச பிஎஃப் தானே, எடுத்துடலாமா?

வேண்டாம். யுஏஎன் எண் (உங்கள் பிஎஃப் கணக்குகளை இணைக்கும் எண்) உங்களுடையது, கம்பெனியுடையது அல்ல. அடுத்த கம்பெனியில் அதே எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் தேவை. சின்னச் சின்ன வேலைகளாகச் சேர்ந்தாலும் அது கூடிக்கொண்டே வரும்.

கடைசி நாள் வந்துடுச்சு. என்னென்ன வாங்கிட்டு வரணும்?

ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், எல்லா மாத பேஸ்லிப், லேப்டாப்பும் ஐடி கார்டும் திருப்பிக் கொடுத்ததற்கான ஒப்புகை. கம்பெனி மெயில் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும், அதனால் உங்கள் சொந்த ஆவணங்களை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மெயில் முகவரியும் போன் நம்பரும் ஹெச்ஆரிடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், வரி பிடித்ததற்கான சான்றிதழ் பிறகு அங்கேதான் வரும். சம்பள பாக்கியை விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஊதியத் தொகுப்பின் விதி. "45 நாள் ஆகும், எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான்" என்று சொன்னால் இதை மெயிலில் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து பிஎஃப் போர்ட்டலைத் திறந்து, விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறாவிட்டால் பழைய பணத்தை மாற்றுவது சிக்கும். கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு, ஆதார் ஓடிபி வைத்து அந்தத் தேதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.